பேனருக்குத் தூரம், தோலுக்குக் காலம்

படம் வரையத் தெரிந்தவனுக்கு டாட்டூ போடுவது பெரிய காரியமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மதுரையில் சினிமா பேனர் வரையும் பட்டறையில் வளர்ந்தவன் நான். சின்னப் புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபதடித் துணியில் பெரிதாகப் போட்டு, மூக்கு எந்தக் கட்டத்தில் முடிகிறது, மீசை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று எண்ணி எண்ணி முகத்தைக் கொண்டுவரும் வேலை. 2000-களில் ஃப்ளெக்ஸ் வந்தது. நாங்கள் நாள்கணக்கில் வரைந்ததை மிஷின் ஒரே ராத்திரியில் துப்பிவிட்டது. பட்டறையில் இருந்தவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், சிலர் கும்பாபிஷேகம் நடக்கும் கோயில்களில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசப் போனார்கள். நான் 2008 வாக்கில் டாட்டூ மிஷினைக் கையில் எடுத்தேன்.

பெருநகரத்தில் கடை போட்டிருந்தால் என் ஆரம்பகால வேலைகள் கூட்டத்தில் கரைந்து போயிருக்கும். மதுரையில் அதற்கு வழியில்லை. பெட்ரோல் பங்கில் சில்லறை நீட்டும் கையில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் கழுத்தில், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தோளில் என் பழைய வேலைகள் நடமாடுகின்றன. துணியில் வரைந்த பேனர் படம் மாறியதும் கிழிந்து போய்விடும். இது போகாது. அதனால் சில வருடங்களாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய கஸ்டமர் யாரைப் பார்த்தாலும் கடைக்கு வரச் சொல்லி, போட்ட இடத்தை மறுபடி படம் எடுத்துக்கொள்வேன். போட்ட அன்று எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இந்தக் கட்டுரை அந்தப் படங்களைப் பற்றியது.

முதலில் 'அம்மா'. தமிழ்நாட்டில் டாட்டூ போடும் யாரைக் கேட்டாலும் அதிகம் போட்டது அந்த மூன்றெழுத்தைத்தான் என்பார்கள். என்னுடையது ஓர் இளைஞனின் மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவு. போட்ட அன்று எடுத்த படத்தில் அது அச்சடித்த மாதிரி இருக்கிறது. கோடு மெல்லிசு, சுழிகள் சுத்தம், புள்ளி கூர்மை. இன்றைய படத்தில் 'அ'வின் சுழி அடைந்து கரும்புள்ளியாகிவிட்டது. 'ம்' தலையில் இருந்த புள்ளியைக் காணோம். இரண்டு 'ம'வும் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கின்றன. படித்துவிடலாம், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் படிக்கலாம்.

என்ன நடந்தது? இரண்டு விஷயம். ஒன்று என் கை, இன்னொன்று என் கணக்கு.

கையைப் பற்றி முதலில். தோலின் மேலடுக்கு ஏறக்குறைய மாதத்துக்கொரு முறை உதிர்ந்து புதுசாகிக்கொண்டே இருக்கும். அதில் நிற்கும் மை அதோடு போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் உள்தோலில் மை இறங்க வேண்டும். இடத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம். அதையும் தாண்டிக் கொழுப்புக்குள் ஊசி போனால் மை ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடும், கோட்டைச் சுற்றி நீலமாக ஒரு நிழல் விழும். தொழிலில் அதை ப்ளோ-அவுட் என்போம். மணிக்கட்டின் உள்பக்கத் தோல் மெல்லியது. தோள்பட்டைக்குக் கொடுக்கும் அழுத்தத்தை அங்கே கொடுத்தேன். போதாததற்கு இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்கும் வித்தை அப்போது எனக்கு வசப்படவில்லை. தளர்ந்த தோலில் ஊசி துள்ளும். கோடு சில இடத்தில் ஆழமாகவும் சில இடத்தில் மேலோட்டமாகவும் விழும். பேனர்த் துணியைச் சட்டத்தில் விறைப்பாக அடித்த பிறகுதான் பிரஷைத் தொடுவோம். அதே ஞானம் தோலுக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போது நான் வைத்திருந்தது காயில் மிஷின். மின்சார டாட்டூ மிஷினுக்கு முதல் காப்புரிமை 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி வாங்கினார். எடிசனின் மின்பேனாவிலிருந்து பிறந்த யோசனை அது. காயில் மிஷினில் இரண்டு மின்காந்தச் சுருள்கள் ஓர் இரும்புப் பட்டையை இழுத்து இழுத்து விடும், அதோடு ஊசி ஏறி இறங்கும். கனமான சாமான். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு தொங்கிவிடும். அழுத்தம் கூடியதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் மிஷின் மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அதே மாதிரி மிஷினில் பிரமாதமாகப் போட்டவர்கள் இருந்தார்கள்.

கணக்கு என்றேன். கை சுத்தமாக இருந்திருந்தாலும் அந்த 'அம்மா' அடைத்துப் போயிருக்கும். தோலுக்குள் போகும் மைத்துகளை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் அவற்றை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டாட்டூ அழியாமல் நிற்பதே அதனால்தான். அந்தச் செல் சாகும்போது மையைக் கக்கும், பக்கத்தில் வரும் அடுத்த செல் அதை விழுங்கும். மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து 2018-இல் இதைக் காட்டினார்கள். ஆக மை ஒரே இடத்தில் உறைந்து கிடப்பதில்லை. எவ்வளவு திறமையாகப் போட்டாலும் வருடம் ஆக ஆகக் கோடு கொஞ்சம் தடிக்கும், ஓரம் கொஞ்சம் மங்கும். அந்தத் தடிப்புக்கு இடம் விட்டு வரையவில்லை என்பதுதான் என் கணக்குப் பிழை.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும். பட்டறையில் வாத்தியார் எழுத்து வரையச் சொல்லிக் கொடுக்கும்போது, எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்குள் இருக்கும் ஓட்டையைப் பார் என்பார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் படிக்க வேண்டும். தூரம் போகப் போக முதலில் மறைவது சுழிக்குள் இருக்கும் வெள்ளை. அது மறைந்தால் 'ண' எது, 'ன' எது என்று தெரியாது. அதனால் சுழியைத் தாராளமாக விடு, புள்ளியைப் பெரிதாகவே வை. இதையெல்லாம் கேட்டு, செய்து, கூலியும் வாங்கியவன் நான். பேனருக்குத் தூரம் என்ன செய்கிறதோ அதைத் தோலுக்குக் காலம் செய்கிறது என்று புரியத்தான் இத்தனை வருடம் பிடித்தது. டாட்டூவை முழங்கை தூரத்தில்தான் பார்க்கப் போகிறார்கள், எவ்வளவு நுணுக்கமாகவும் போடலாம் என்று நினைத்தேன். பார்க்கும் தூரம் அடிக்கணக்கு. பார்க்கப்போகும் காலம் ஐம்பது வருடம்.

எங்கள் அப்பத்தாவின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. ஊருக்கு வந்த குறத்தி கல்யாணத்துக்கு முன்னால் குத்தியது. வரிசையாகப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் ஒரே கோடு. கோடு நேராக இல்லை, இடையிடையே தடித்தும் மெலிந்தும் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கறுப்பு மை தோலுக்கடியில் இருக்கும்போது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத்தான் மேலே தெரியும். அவர் கையிலும் அப்படித்தான் வெளுத்துக் கிடந்தது. ஆனால் புள்ளிகளை ஒன்று விடாமல் எண்ணிவிடலாம். கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்று விரலை வைத்துத் தொடரலாம். ஊசிக்கும் கைக்கும் துல்லியம் போதாததால் அவர்கள் இடைவெளியைத் தாராளமாக விட்டார்கள். அந்த இடைவெளிதான் அறுபது எழுபது வருடத்தைத் தாங்கியது. ஜான் லேயர்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1937-இல் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் சேர்த்து வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருக்கு அந்தச் சிக்கல்கோடுகளின் சடங்கில் ஆர்வம். எனக்கு அவற்றின் இடைவெளியில்.

அதே கதைதான் இரட்டை இலைக்கும். 1970-களில் எம்.ஜி.ஆர். மேல் இருந்த பற்றில் பச்சை குத்திக்கொண்ட பெரியவர்கள் இன்னமும் இந்த ஊரில் இருக்கிறார்கள். தோல் சுருங்கி, மை பரவி, கோடு பட்டையாகிவிட்டது. என்ன படம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் 2010-இல் போட்ட மயிலிறகு எது, ஓலைச்சுவடி எது என்பதை நானே பழைய படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குறத்திமார்களைத் தூக்கிப் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஊசியால் ஊருக்கெல்லாம் குத்தியதில் என்னென்ன நோய் யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்தால் நடுங்குகிறது. வடிவத்தில் மட்டும் அவர்கள் கணக்கு சரி.

அடுத்த படம் ஒரு முகம். தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து முன்கையில் போடச் சொன்னார் ஒருவர். முகம் வரைவதில்தான் நான் கெட்டிக்காரன் என்று எனக்கொரு திமிர். கறுப்பு மையைத் தண்ணீரில் கலந்து மூன்று நான்கு சாயலில் குப்பிகளில் எடுத்து வைத்து, கன்னத்தின் குழி, நெற்றியின் சுருக்கம் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல ஏற்றினேன். போட்ட அன்று ஜனங்கள் பார்த்து அசந்து போனார்கள். இன்று அந்த முகம் ஒரு சாம்பல் திட்டு. கண்ணும் மூக்கின் நிழலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நான் வைத்தது எல்லாமே நடுச்சாயல். உறுதியான கறுப்பு எங்கும் இல்லை. மை படாமல் விட்ட வெறுந்தோல் எங்கும் இல்லை. ஆறும்போது மெல்லிய சாயல்கள் இன்னும் மெலியும். மாநிறத் தோலில் அவை தோலின் நிறத்தோடு கலந்துவிடும். முகத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டிக் கறுப்பாக இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கைத் தொடவே கூடாது. மீதியில்தான் சாயல். இன்று நான் கையாளும் வழி அது. அமெரிக்கப் பழைய டாட்டூக்காரர்கள் தடித்த கறுப்பு எல்லைக்கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை ரசனைக்குறைவு என்று நினைத்திருந்தேன். அது ரசனை அல்ல, அனுபவம்.

வண்ணத்தில் செய்தது இன்னும் மோசம். ஒரு பெண்ணின் தோளில் பட்டாம்பூச்சி. இறக்கையில் எலுமிச்சை மஞ்சள், ஆகாய நீலம், ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள். வெளிநாட்டு டிசைன் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எடுத்தேன். அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலுக்காக வரையப்பட்டது. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது. மை அதற்குக் கீழே போகிறது. ஆக எந்த நிறமும் நம் தோலின் பழுப்பைத் தாண்டித்தான் கண்ணுக்கு வர வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் அதைத் தாண்டுவதில்லை. புண் ஆறி மேல்தோல் வளர்ந்ததும் அந்த மஞ்சள் அழுக்குப் பழுப்பாகிவிட்டது, வெள்ளைப் பொட்டுகள் ஆறிய கொப்புளம் மாதிரி ஆகிவிட்டன. அடர்சிவப்பும் கறுப்பும் கரும்பச்சையும் மட்டும் நின்றன. பேனரில் எம்.ஜி.ஆர். கன்னத்துக்கு ரோஸ் பூசிய கைக்கு அந்த ஆசை போகவில்லை. இன்று நிறம் கேட்டு வருபவர்களிடம் முதலில் அவர்கள் தோலிலேயே ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்து, ஆறிய பிறகு பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்கிறேன்.

தோலைப் பற்றி இன்னொன்றும் கேட்காமல் விட்டேன். நம்மவர்களில் பலருக்குக் காயம் ஆறும்போது தழும்பு மேடிட்டு வளரும், கீலாய்டு என்பார்கள். நெஞ்சிலும் தோளிலும் அதிகம். ஒருவர் நெஞ்சில் நான் போட்ட வேலின் முனை இன்று கயிறு மாதிரி தடித்து நிற்கிறது. இப்போது யார் வந்தாலும் சட்டைக் கையை மடக்கச் சொல்லி, சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பைப் பார்ப்பேன். அது தட்டையாக இருந்தால் சரி. தடித்துப் பளபளவென்று இருந்தால், "தம்பி, உங்க உடம்புக்கு இது ஒத்துக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். காது குத்திய இடத்தையும் பார்ப்பேன். யாரும் செலவில்லாமல் செய்துவிடக்கூடிய சோதனை இது.

இடம் பற்றிய பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கையை மேசையில் நீட்டி வைக்கச் சொல்லி ஸ்டென்சில் ஒட்டியதில், எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டதும் நேர்க்கோடு முறுக்கிக்கொண்டது. முன்கையின் எலும்புகள் கை திரும்பும்போது ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. இன்று நிற்க வைத்துத்தான் ஒட்டுகிறேன். காதலர்கள் கேட்டார்களே என்று விரலில் மோதிரம் போட்டேன். விரலின் பக்கவாட்டில் மை நிற்காது, எல்லாமே பாதி மோதிரமாகிவிட்டன.

பெரிய பிழை ஒன்று கோட்டில் இல்லை, பதிலில் இருக்கிறது. ஒரு பையன் வலது முன்கை முழுக்கச் சிங்க முகம் போடச் சொன்னான். போட்டேன். என் ஆரம்பகால வேலைகளில் இன்றும் பார்க்க நன்றாக இருப்பது அது ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்து வந்து, "அண்ணே, இதை அழிக்க முடியுமாண்ணே? செலக்‌ஷனுக்குப் போகணும்" என்றான். துணை ராணுவப் படைகளின் மருத்துவத் தேர்வு விதிப்படி சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோதான் டாட்டூ இருக்கலாம். அதுவும் அந்த உறுப்பின் கால் பாகத்துக்கும் குறைவாக. பெயரோ மதச் சின்னமோ என்றால்தான் ஏற்பார்கள். தென் மாவட்டங்களில் எந்த மைதானத்தில் காலையில் போய்ப் பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் பாதிப் பேர் இந்த வேலைக்குத்தான் ஓடுகிறார்கள். இந்த ஊரில் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும். லேசரில் கறுப்பை எடுக்கலாம். 1064 நானோமீட்டர் அலைநீளம் கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் பல வார இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும், போட்ட காசைப்போலப் பல மடங்கு செலவு, வெளிறிய திட்டு விழும் அபாயம் வேறு. இப்போது இருபது வயசுப் பையன் யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "என்ன வேலைக்குப் போகப்போறீங்க?" என்பதுதான். எந்தக் கை, எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

படத்தில் தெரியாத பிழையும் உண்டு. ஊசி புதுசு, கையுறை புதுசு. அதோடு சுத்தம் முடிந்தது என்று ஆரம்பத்தில் நம்பினோம். ஊசி ஓடும் ஸ்டீல் குழாயைக் கிருமிநாசினித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி அடுத்தவருக்குப் போட்டோம். ரத்தம் உள்ளே ஏறும் குழாய் அது. ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் ரத்தம் வழியாகத் தொற்றும். ஆட்டோக்ளேவில் 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வைத்து எடுத்தால்தான் அது மறுபடி தொடத் தகுந்தது. நான் ஆட்டோக்ளேவ் வாங்கியது தாமதமாக. இன்று ஊசியும் குழாயும் சேர்ந்த கார்ட்ரிட்ஜ் உறை பிரிக்காமல் வருகிறது. ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் ஊசி டப்பாவுக்குள் போகும். என் பழைய வேலைகளை விமர்சிக்க உட்கார்ந்தால் அடைத்துப்போன சுழிகளைவிட இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. சுழியைத் திருத்தலாம்.

இப்போது எப்படி வேலை செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எழுத்து என்றால் கணினி எழுத்துருவை அப்படியே எடுப்பதில்லை, கையால் வரைகிறேன். கோட்டின் தடிப்பைப்போல மூன்று மடங்காவது சுழிக்குள் வெறுமை இருக்க வேண்டும். புள்ளியைக் கோட்டின் தடிப்புக்குக் குறையாமல் நிரப்பி வைக்கிறேன். வட்டமாக விட்டால் அடைந்துவிடும், ஒற்றை ஊசியால் தொட்டுவிட்டால் மச்சத்தோடு மச்சமாகப் போய்விடும். ஸ்டென்சிலைச் சுவரில் ஒட்டிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். சுழி தெரியவில்லையென்றால் பெரிதாக்குவேன், அல்லது எழுத்தைக் குறைக்கச் சொல்வேன். "சின்னதாப் போட்டுக் குடுங்கண்ணே, பக்கத்துக் கடையில போடுறாங்களே" என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். கடையில் வேலை கற்கும் பையன்களுக்கும் ஒரு விதி: அன்றைக்குப் போட்டதைப் படம் எடுத்துக் கொண்டுவந்து பாராட்டு கேட்கக்கூடாது. சிவந்த தோலும் ஈரமான மையும் எந்த வேலையையும் அழகாகக் காட்டும். ஒரு வருடம் ஆறிய படத்தைக் காட்டினால் பேசலாம். டாட்டூ போட நினைப்பவர்களும் எந்தக் கடைக்குப் போனாலும் இதையே கேட்க வேண்டும்.

பழையவர்கள் திரும்பி வரும்போது, காசு வேண்டாம், சரி செய்து தருகிறேன் என்று நானே ஆரம்பத்தில் வலியக் கேட்பேன். சிலர் சந்தோஷமாக உட்காருவார்கள். பலர், "இருக்கட்டும்ணே, இதுல என்ன குறை?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்குப் பிழையாகத் தெரிவது அவர்களுக்குத் தங்கள் கை. அதை இழிவாகப் பேச எனக்கு உரிமையில்லை என்று புரிந்த பிறகு நானாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். படம் எடுத்துக்கொள்கிறேன், நோட்டில் குறித்துக்கொள்கிறேன், டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன். அவர்கள் மேல் போட்ட கோட்டுக்கான திருத்தம் அடுத்து வருபவருக்கு நான் வரையும் ஸ்டென்சிலில் நடக்கிறது.